87 வயது பாட்டி பிழைப்பாரா? டாக்டர் கேட்ட ஒரே கேள்வி!

சென்னை:-

"உங்க அம்மா ரெண்டு வாரத்துக்கு முன்னாடி எப்படி இருந்தாங்க?"

தீவிர சிகிச்சை பிரிவின் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்த பெண் டாக்டர் கேட்ட கேள்வி இது.

அவர் எதிரே 5 பேர் நின்றார்கள். 2 மகன்கள், ஒரு மகள், ஒரு மருமகள், ஒரு பேரன். உள்ளே 87 வயது பாட்டி மூச்சு விட முடியாமல் திணறிக்கொண்டிருந்தார். நிமோனியா காய்ச்சல்.

"அம்மா பிழைப்பாங்களா டாக்டர்?" என்று மூத்த மகன்தான் முதலில் கேட்டார். டாக்டர் அதற்குப் பதில் சொல்லவில்லை. இந்தக் கேள்வியைத் திருப்பிப் போட்டார்.

நகரில் உள்ள ஒரு தனியார் ஆஸ்பத்திரி. இரவு 9½ மணி. மோட்டார் சைக்கிள் விபத்தில் அடிபட்ட 19 வயது வாலிபர் பற்றி விசாரிப்பதற்காக நான் அங்கு போயிருந்தேன். வாலிபரின் உறவினர்கள் வரும் வரை பெஞ்சில் காத்திருந்தேன். அப்போதுதான் இந்தக் காட்சியைப் பார்த்தேன்.

"நல்லாத்தான் இருந்தாங்க"

டாக்டரின் கேள்விக்கு மூத்த மகன் உடனே பதில் சொன்னார்.

"நல்லாத்தான் இருந்தாங்க டாக்டர். போன மாசம் நான் போனப்போ கூட என்னோட அரை மணி நேரம் பேசினாங்க. சர்க்கரை கிடையாது. பிரஷர் மாத்திரை மட்டும்தான்."

மகளும் தலையாட்டினார். "எங்க அம்மா உடம்பு இரும்பு மாதிரி" என்றார்.

டாக்டர் விடவில்லை. "தானா குளிப்பாங்களா? மாடிப்படி ஏறுவாங்களா? கடைக்கு, கோவிலுக்கு தனியா போயிட்டு வருவாங்களா?" என்று கேட்டார்.

மகன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்னால் சுவர் ஓரமாக நின்றிருந்த இளைய மருமகள் மெதுவாக வாய் திறந்தார்.

"அத்தையை நான்தான் குளிப்பாட்டறேன் டாக்டர். ஒரு வருஷமாச்சு. தீபாவளிக்கு அப்புறம் வாசப்படி தாண்டலை. சோறு தானா சாப்பிடுவாங்க. பாத்ரூமுக்கு சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு போவாங்க. புடவை கட்டிக்க கொஞ்சம் கை கொடுக்கணும். மாத்திரையை நான் எடுத்துக் கொடுத்தாத்தான் போடுவாங்க."

மூத்த மகன் திடுக்கிட்டார். "இதை ஏம்மா என்கிட்ட சொல்லலை?" என்றார்.

"நீங்க கேக்கலை மாமா" என்றார் மருமகள்.

டாக்டர் கையில் இருந்த தாளில் ஒரு எண்ணை எழுதினார். அந்த எண் 6.

அது என்ன எண்?

எந்த சிகிச்சை என்று முடிவு செய்யும்போது டாக்டர் அந்த 6-ஐயும் கணக்கில் எடுத்துக்கொண்டார். பிறகு கேன்டீனில் டீ குடிக்கும்போது அவரிடமே அதுபற்றி கேட்டேன். அதன் விவரம் வருமாறு:-

கனடா நாட்டில் ஹாலிபாக்ஸ் நகரம். அங்குள்ள டல்ஹவுசி பல்கலைக்கழகத்தில் முதியோர் மருத்துவ நிபுணர் கென்னத் ராக்வுட் என்பவரும் அவரது குழுவினரும் 2005-ம் ஆண்டு ஒரு அளவுகோலை வெளியிட்டார்கள். வயதானவர்களின் தளர்ச்சியை அளக்கும் அளவுகோல் அது. முதலில் 7 படிகள் இருந்தன. பிறகு 9 படிகள் ஆனது.

முதல் படியில் இருப்பவர் ஓடியாடி உடற்பயிற்சி செய்கிறவர். 3-வது படியில் இருப்பவருக்கு நோய் உண்டு, ஆனால் அது கட்டுக்குள் இருக்கிறது. 4-வது படிக்காரர் யார் உதவியும் இல்லாமல் தன் வேலையைப் பார்ப்பார். ஆனால் சீக்கிரம் களைத்துப் போவார். 5-வது படியில் இருப்பவருக்கு பணம் எண்ணவும், மாத்திரை எடுக்கவும், பஸ் ஏறவும் துணை வேண்டும். 6-வது படியில் குளிக்கவே ஆள் வேண்டும். 7-வது படியில் எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். 8 என்பது மிக மோசமான தளர்ச்சி. 9 என்பது சாவின் விளிம்பு.

இதற்கு ரத்தப் பரிசோதனை இல்லை. ஸ்கேன் இல்லை. கருவி இல்லை. செலவு ஒரு பைசா கிடையாது. கூட இருந்து பார்த்துக்கொள்பவரிடம் கேட்டாலே போதும்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. இன்றைக்கு எப்படி இருக்கிறார் என்று பார்க்கக்கூடாது. தீவிர சிகிச்சை பிரிவில் படுத்திருக்கும் யாரும் நடக்கமாட்டார்கள். நோய் வருவதற்கு 2 வாரம் முன்பு எப்படி இருந்தார் என்றுதான் பார்க்கவேண்டும். அதனால்தான் அந்தக் கேள்வி.

"மகன்கள் சொன்னதை நம்பியிருந்தா 3-னு போட்டிருப்பேன். மருமகள் சொன்னதைக் கேட்டு 6-னு போட்டேன். ரெண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்" என்றார் டாக்டர்.

12 வயது சிறுமியில் தொடங்கியது

தீவிர சிகிச்சை என்பது முதலில் வயதானவர்களுக்காக வந்தது அல்ல.

1952-ம் ஆண்டு டென்மார்க் நாட்டின் தலைநகர் கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் பயங்கரமாகப் பரவியது. மூச்சுத் தசைகள் செயல் இழந்து குழந்தைகள் செத்து விழுந்தார்கள். அப்போது பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து டாக்டர் ஒரு 12 வயது சிறுமியின் தொண்டையில் துளை போடச் செய்து, குழாய் செருகி, ரப்பர் பையைக் கையால் அமுக்கி மூச்சு கொடுத்தார். சிறுமி பிழைத்தாள்.

அதன் பிறகு மருத்துவக் கல்லூரி மாணவர்கள் சுமார் 1,500 பேர் முறை வைத்துக்கொண்டு, ராப்பகலாக நோயாளிகளின் படுக்கை அருகே உட்கார்ந்து பையை அமுக்கினார்கள். 1953-ம் ஆண்டு இறுதியில் இதற்கென்றே தனி வார்டு ஒன்றை இப்சன் தொடங்கினார். இன்றைய தீவிர சிகிச்சை பிரிவுக்கு அதுவே அச்சாரம்.

இப்போது நிலைமை வேறு. மக்கள் அதிக நாள் வாழ்கிறார்கள். தமிழ்நாட்டில் 2021-ம் ஆண்டு 100 பேருக்கு 13 பேருக்கு மேல் 60 வயதைத் தாண்டியவர்கள் என்பது அரசு மதிப்பீடு. இந்தியா முழுவதற்கும் அந்தக் கணக்கு 100-க்கு 10 தான். எனவே தீவிர சிகிச்சை பிரிவுக் கதவு முன்னால் "அம்மா பிழைப்பாங்களா?" என்ற கேள்வியும் அதிகமாகிவிட்டது.

மார்க் போடும் டாக்டர்கள்

இந்தக் கேள்விக்கு எண்ணில் பதில் சொல்ல டாக்டர்கள் 40 ஆண்டுகளுக்கு மேலாக முயன்று வருகிறார்கள்.

அமெரிக்காவில் வாஷிங்டன் நகரில் வில்லியம் நாஸ் என்ற டாக்டரும் அவரது குழுவினரும் 1981-ல் "அப்பாச்சி" என்ற கணக்கு முறையைக் கொண்டுவந்தார்கள். 1985-ல் அதன் 2-வது வடிவம் வந்தது. காய்ச்சல், ரத்த அழுத்தம், நாடி, மூச்சு, ரத்தத்தில் உள்ள உப்பு என்று 12 அளவுகளுக்கு மார்க். வயதுக்குத் தனி மார்க். பழைய நோய்க்குத் தனி மார்க். மொத்தம் 71. இது பரீட்சை மார்க் அல்ல. மார்க் ஏற ஏற ஆபத்து!

75 வயதைத் தாண்டினால் இதில் 6 மார்க் விழும். 76 வயதுக்காரருக்கும் அதே 6. 96 வயதுக்காரருக்கும் அதே 6.

பிறகு 1996-ல் "சோபா" என்ற கணக்கு வெளிவந்தது. பெல்ஜியம் நாட்டு டாக்டர் ஜான் லூயி வின்சென்ட் தலைமையிலான குழு செய்தது. நுரையீரல், இதயம், மூளை, கல்லீரல், சிறுநீரகம், ரத்தம் உறையும் தன்மை என்று 6-க்கும் தலா 4 மார்க். மொத்தம் 24. தினமும் இந்தக் கணக்கைப் போடலாம். நேற்றைவிட இன்று மார்க் குறைந்தால் நோயாளி தேறுகிறார் என்று அர்த்தம்.

இந்த இரண்டிலும் ஒரு குறை. பாட்டி இப்போது எவ்வளவு மோசம் என்று இவை சொல்லும். இந்த நோய் வரும் முன் பாட்டி சுவரைப் பிடித்து நடந்தாரா, மாடியில் ஏறி வத்தல் காயவைத்தாரா என்பது இவற்றுக்குத் தெரியாது.

ஐரோப்பாவில் 5,021 பேர்

இந்தக் குறையைத் தீர்க்க ஐரோப்பிய டாக்டர்கள் களம் இறங்கினார்கள்.

21 நாடுகள். 311 தீவிர சிகிச்சை பிரிவுகள். 2016 அக்டோபர் முதல் 2017 மே வரை நடந்த ஆராய்ச்சி. 80 வயதும் அதற்கு மேலும் ஆன 5,021 பேர் கணக்கில் எடுக்கப்பட்டார்கள். ஒவ்வொருவருக்கும் 1 முதல் 9 வரை தளர்ச்சிப் படி குறிக்கப்பட்டது.

முடிவு என்ன தெரியுமா?

தீவிர சிகிச்சை பிரிவிலேயே இறந்தவர்கள் 100-க்கு 22 பேர். 30 நாளுக்குள் இறந்தவர்கள் 100-க்கு சுமார் 33 பேர். அதாவது, 80-ஐத் தாண்டியவர்களிலும் 3 பேரில் 2 பேர் ஒரு மாதம் கழித்து உயிரோடு இருந்தார்கள்!

"80 வயசாச்சா, இனி அவ்வளவுதான்" என்று கைவிரிப்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

அதே சமயம் இன்னொன்றும் தெரிந்தது. தளர்ச்சிப் படி ஒவ்வொன்றாக ஏற ஏற, பிழைத்தவர்கள் எண்ணிக்கை இறங்கிக்கொண்டே போனது. 5-வது படியிலும் அதற்கு மேலும் இருந்தவர்களுக்கு ஆபத்து மற்றவர்களைவிட ஒன்றரை மடங்கு.

அடுத்து 22 நாடுகளில் 3,920 முதியவர்களை வைத்து இன்னொரு ஆராய்ச்சி. அதன் முடிவு 2020-ல் வெளிவந்தது. ஞாபக மறதி, மற்ற நோய்கள் என்று பலவற்றையும் சேர்த்துப் பார்த்தார்கள். எல்லாம் சேர்த்தும், தளர்ச்சிப் படி சொன்னதைவிட அவை பெரிதாக எதையும் கூடுதலாகச் சொல்லவில்லை. 80-ஐத் தாண்டியவர்களுக்குள் வயது ஒன்றிரண்டு கூடினால் ஆபத்து கூடியது கொஞ்சமே.

ஆக, 92 வயதில் தானே கடைக்குப் போகும் தாத்தாவின் நிலை, 81 வயதில் படுக்கையோடு படுக்கையாகக் கிடக்கும் தாத்தாவைவிட மேலாக இருக்கலாம்.

ஏன் இப்படி?

"உடம்பை ஒரு கடைன்னு வச்சுக்கங்க" என்றார் டாக்டர். "கல்லாவில் கையிருப்பு இருக்கிற கடை, ஒரு மாசம் வியாபாரம் படுத்தாலும் தாங்கும். தினம் கடன் வாங்கி ஓட்டுற கடை, ஒரு நாள் கதவடைச்சாலே எழுந்திருக்காது. தளர்ச்சின்னா கையிருப்பு தீர்ந்து போச்சுன்னு அர்த்தம்."

அதோடு, தீவிர சிகிச்சையே உடம்பைக் கரைக்கும். 2013-ல் லண்டனில் நடந்த ஒரு ஆராய்ச்சியில், தீவிர சிகிச்சை பிரிவில் கிடந்தவர்களின் தொடைத் தசையை அளந்தார்கள். 10 நாளில் சராசரியாக ஆறில் ஒரு பங்குக்கு மேல் கரைந்துவிட்டது! ஏற்கனவே எலும்பும் தோலுமாக இருப்பவர் என்ன ஆவார்?

உயிர் பிழைப்பது ஒன்று. பழையபடி எழுந்து நடப்பது வேறு. கனடாவில் 22 தீவிர சிகிச்சை பிரிவுகளில் 80 வயதுக்கு மேற்பட்டவர்களை ஒரு ஆண்டு தொடர்ந்து பார்த்தார்கள். 2015-ல் வந்த முடிவுப்படி, ஆண்டு முடிவில் 100-க்கு 44 பேர் உயிருடன் இல்லை. பழைய உடல்நிலைக்குத் திரும்பியவர்கள் கிட்டத்தட்ட 4-ல் ஒருவர்தான்.

பிரான்சில் 24 ஆஸ்பத்திரிகளில் 75 வயதைத் தாண்டிய 3,037 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. பாதி ஆஸ்பத்திரிகளில் முதியவர்களைத் தயங்காமல் தீவிர சிகிச்சை பிரிவில் சேர்க்கச் சொன்னார்கள். மீதி ஆஸ்பத்திரிகளில் வழக்கம்போல். 6 மாதம் கழித்துப் பார்த்தால், அதிகம் பேரைச் சேர்த்த ஆஸ்பத்திரிகளில் சாவு குறையவில்லை. 2017-ல் இந்த முடிவு வெளியானது.

"உள்ளே சேர்த்துட்டா காப்பாத்திடலாம்" என்ற நம்பிக்கைக்கு இது ஒரு சம்மட்டி அடி.

யார் அந்த 33 பேர்?

அப்படியானால் ஒரு எண்ணைப் பார்த்துவிட்டு "வீட்டுக்கு அழைச்சுட்டுப் போங்க" என்று சொல்லிவிடலாமா?

கூடாது என்கிறார் டாக்டர்.

"இந்தக் கணக்கெல்லாம் கூட்டத்துக்குத்தான். மின்சார ரெயில் பெட்டியில் 100 பேர் போறாங்க. அதில் 33 பேர் பூங்காவில் இறங்குவாங்கன்னு என்னால சொல்ல முடியும். ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கிற இந்த அம்மா அங்கே இறங்குவாங்களான்னு சொல்ல முடியாது."

இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. "இவர் பிழைக்கமாட்டார்" என்று கணக்கு சொல்கிறது. அதை நம்பி சிகிச்சையை நிறுத்துகிறார்கள். நோயாளி இறந்துவிடுகிறார். "பார்த்தீர்களா, கணக்கு சரி" என்கிறார்கள். சிகிச்சை தொடர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடுகிறது.

2020 மார்ச் மாதம் கொரோனா தலைவிரித்து ஆடியபோது, இங்கிலாந்து அரசின் மருத்துவ வழிகாட்டி அமைப்பு இந்த 9 படி அளவுகோலைப் பயன்படுத்தும்படி டாக்டர்களுக்குச் சொன்னது. உடனே எதிர்ப்பு கிளம்பியது. பிறவியிலேயே மூளை வளர்ச்சிக் குறைவு உள்ள இளைஞருக்கும் குளிக்க ஆள் வேண்டுமே, அவருக்கும் 6 என்று போட்டுவிடுவீர்களா என்று கேட்டார்கள். சில நாட்களிலேயே வழிகாட்டி திருத்தப்பட்டது. இளைஞர்களுக்கும், பிறவிக் குறைபாடு உள்ளவர்களுக்கும் இந்த அளவுகோலைப் போடக்கூடாது என்று தெளிவுபடுத்தப்பட்டது.

அதே மார்ச் மாதம் பக்கத்து மாநிலமான கேரளாவில் 93 வயது முதியவரும் அவரது 88 வயது மனைவியும் கொரோனாவுடன் கோட்டயம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். முதியவரின் நிலை ஒரு கட்டத்தில் மிகவும் மோசமானது. ஆனாலும் ஏப்ரல் தொடக்கத்தில் இருவரும் குணமாகி வீடு திரும்பினார்கள். வயதை மட்டும் பார்த்திருந்தால்?

3 நாள் கெடு

அந்த இரவு, பாட்டியின் குடும்பத்தாரிடம் டாக்டர் இப்படிச் சொன்னார்:-

"உங்க அம்மா பிழைப்பாங்களான்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. நிமோனியாவை குணப்படுத்த முடியும். ஆனா உடம்பில் தெம்பு இல்லை. தொண்டையில் குழாய் போட்டு மெஷின்ல வச்சா, அதிலிருந்து எடுக்கறது கஷ்டமாகலாம். முகமூடி மூலமா காத்து கொடுத்து, ஊசி மருந்து போட்டு 3 நாள் பார்ப்போம். தினமும் கணக்கு போடறேன். இறங்கினா தொடர்வோம். ஏறினா மறுபடி உட்கார்ந்து பேசுவோம்."

மூத்த மகன் ஏற்கவில்லை. "எல்லாம் செய்யுங்க டாக்டர். நாளைக்கே நகையை பேங்க்ல வச்சு பணம் கட்டறேன். பணத்துக்காக அம்மாவை விட்டுட்டான்னு நாலு பேர் சொல்லக்கூடாது" என்றார். அவர் குரல் தழுதழுத்தது.

இளைய மகன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அண்ணே, அம்மாவுக்கு என்ன வேணும்னு நாம யாராவது கேட்டிருக்கோமா?" என்றார்.

யாரும் பதில் சொல்லவில்லை. கேட்டதில்லை. 87 வயது ஆகியும் ஒருவர்கூட கேட்டதில்லை. கேட்டால் அபசகுனம் என்று நினைத்தார்கள். இப்போது பாட்டியால் பேச முடியாது.

கடைசியில் "3 நாள் பார்க்கலாம்" என்று மூத்த மகன் கையெழுத்துப் போட்டார்.

சட்டம் என்ன சொல்கிறது?

"சிகிச்சை வேண்டாம் என்று சொல்ல சட்டத்தில் இடம் உண்டா?" என்று பலரும் கேட்கிறார்கள். உண்டு.

2018 மார்ச் 9-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டின் 5 நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன பெஞ்சு ஒரு தீர்ப்பு சொன்னது. மீளவே முடியாத நிலை வந்தால் உயிரை இழுத்துப் பிடிக்கும் கருவிகள் வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கலாம் என்று கூறியது. ஆனால் அதற்கு மாஜிஸ்திரேட்டு கையெழுத்து தேவை என்று இருந்ததால் பலரும் அலுத்துப் போனார்கள்.

2023 ஜனவரி 24-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அதை எளிதாக்கியது. 2 சாட்சிகள் முன்னிலையில் எழுதி, நோட்டரி வக்கீல் அல்லது கெசட் அதிகாரி முன்பு கையெழுத்துப் போட்டால் போதும். அதைச் செயல்படுத்தும் முன் ஆஸ்பத்திரியில் 3 டாக்டர்கள் கொண்ட குழு ஒன்றும், அதன் பிறகு மற்றொரு 3 பேர் குழுவும் பார்த்து ஒப்புக்கொள்ளவேண்டும்.

யாரைத் தீவிர சிகிச்சை பிரிவில் சேர்க்கலாம் என்பதற்கு மத்திய சுகாதாரத் துறையும் வழிகாட்டி தயாரித்தது. அது 2024 ஜனவரியில் வெளியே தெரிந்தது. நோயாளியோ நெருங்கிய உறவினரோ மறுத்தால் அங்கே சேர்க்கக்கூடாது என்று அதில் உள்ளது. 24 நிபுணர்கள் சேர்ந்து எழுதியது அது.

முதியோர் மருத்துவத்தில் சென்னைக்கு ஒரு பெருமை உண்டு. இங்குள்ள அரசு பொது ஆஸ்பத்திரியில் 1978-லேயே டாக்டர் வி.எஸ்.நடராஜன் முதியோருக்கென தனிப் பிரிவைத் தொடங்கினார். கிண்டியில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அம்மா அப்பா படுத்த பிறகு ஓடுவதைவிட, நடமாடும்போதே இதுபோன்ற இடத்துக்கு அழைத்துப் போய் தளர்ச்சி எந்தப் படியில் இருக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது. 4-வது, 5-வது படியில் இருக்கும்போது சத்தான சாப்பாடும் நடைப்பயிற்சியும் பலன் தரும் என்கிறார்கள் டாக்டர்கள்.

கதவு திறந்தது

4-வது நாள் மாலை மறுபடி அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

விபத்தில் சிக்கிய வாலிபர் கண் விழித்துவிட்டார். அவருடைய தாயார் பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டே சிரித்தார். அவர் விஷயத்தில் "ரெண்டு வாரத்துக்கு முன்னாடி எப்படி இருந்தான்?" என்று யாரும் கேட்கவில்லை. 19 வயது. கேட்கத் தேவையில்லை.

பாட்டியின் இளைய மகன் ஓடி வந்தார். "அம்மாவை வார்டுக்கு மாத்திட்டாங்க சார்!" என்றார். தினசரிக் கணக்கு இறங்கி வந்ததாம். தொண்டையில் குழாய் போடவே வேண்டியிருக்கவில்லை.

டாக்டரிடம், "அப்ப உங்க 6 தப்பா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "தப்பில்லை. 6-னு போட்டவங்கள்லயும் பாதிக்குப் பாதி பேர் ஒரு மாசம் கழிச்சு இருக்காங்களே, அதில் இவங்க ஒருத்தர். அந்த எண் சாவு சீட்டு இல்லை. எவ்வளவு தூரம் போகலாம், எங்கே நிக்கணும்னு யோசிக்க வைக்கிற எண்."

"அத்தை சொன்னாங்க"

5 வாரம் கழித்து வடசென்னையில் உள்ள அவர்களது வீட்டுக்குப் போனேன்.

பாட்டி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முன்பு சுவரைப் பிடித்து நடந்தவர். இப்போது எழுந்து நிற்கவே இரண்டு பேர் வேண்டும். சோறு ஊட்டவேண்டும். 6-ல் இருந்தவர் 7-க்குப் போய்விட்டார். ஆனால் பேச்சு தெளிவாக இருந்தது. பேரன் கிரிக்கெட் ஸ்கோர் சொன்னதைக் கேட்டு தலையாட்டினார்.

"இந்த தடவை கேட்டுட்டோம் சார்" என்றார் மருமகள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன்கள், மகள் எல்லோரும் கூடியிருந்தபோது, மூத்த மகனே அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாராம். "மறுபடி அந்த மாதிரி வந்தா என்னம்மா செய்யறது?"

பாட்டி கோபப்படவில்லை. அபசகுனம் என்று சொல்லவில்லை.

"ஊசி மருந்து போடு. முகத்துல காத்து வை. அந்தக் குழாய் மட்டும் வேணாம். என்னைத் திரும்ப அந்தக் கதவுக்குள்ள விட்டுட்டு நீங்க எல்லாம் வெளியே நிக்காதீங்கடா. யாராவது ஒருத்தர் பக்கத்துல இருங்க" என்றாராம்.

மூத்த மகன் அதை ஒரு நோட்டில் எழுதி, பாட்டியின் கைநாட்டு வாங்கி வைத்திருக்கிறார். நோட்டரியிடம் போய் முறைப்படி செய்யப்போவதாகவும் சொன்னார்.

அப்பாச்சி 71 மார்க் கேட்கும். சோபா 24 கேட்கும். தளர்ச்சிக்கு 9 படி உண்டு. ஆனால், "உனக்கு என்ன வேண்டும்?" என்ற கேள்விக்கு மார்க் கிடையாது. அதை டாக்டரால் கேட்க முடியாது. அவர் வரும்போது அம்மாவுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்.

வீட்டில் 80-ஐத் தாண்டிய தாயோ தந்தையோ இருப்பவர்கள், இன்றைக்கு சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அவர்கள் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். யார் குளிப்பாட்டுகிறார், யார் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறார் என்று விசாரியுங்கள்.

பிறகு, அந்த ஒரு கேள்வியையும் கேட்டுவிடுங்கள்.